கீழ்த்தள வைஃபை

கீழ்த்தளத்து ஆபீசுக்குச் செல்போன் சிக்னல் எட்டாது. வெளியிலிருந்து ஒரு வார்த்தை வரவேண்டுமென்றாலும் வைஃபைதான். அது ஆமையாய் நகர்ந்தது. "இன்னொரு ரௌட்டர் வாங்குங்க சார்" என்று நெட்வொர்க்காரர் வருஷக்கணக்கில் தொண்டைத் தண்ணி வற்றச் சொல்லியும், மேனேஜர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று காலை, "எல்லார் செல்போனையும் வைஃபையிலிருந்து வெட்டுய்யா" என்றார் மேனேஜர். சட்டம் என்றால் சட்டம் என்கிற மனுஷர் நெட்வொர்க்காரர். தன் போனையே முதலில் வெட்டினார். வேகம் பிய்த்துக்கொண்டு போனது. மேனேஜர் முதல்தடவையாக அவர் தோளில் தட்டினார்.

சாயங்காலம் படியேறித் தெருவுக்கு வந்ததும் நெட்வொர்க்காரரின் போன் விடாமல் அதிர்ந்தது. மனைவியிடமிருந்து பதினொரு செய்திகள்.

பதினொரு மணிக்கு: "உங்கப்பாவுக்கு நெஞ்சுவலி. உடனே வாங்க."

பன்னிரண்டுக்கு: "உங்களையே கேக்கறார்."

மூன்று மணிக்குக் கடைசியாக: "இனி அவசரமில்ல. மெதுவா வாங்க."