தலைமாட்டில் உட்காருகிறவர்

என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்பவர்களிடம் பள்ளியில் நான்காம் படிவம் படித்த காலத்திலிருந்து நான் ஒரே பதிலைத்தான் சொல்லி வருகிறேன். மயக்க மருந்து நிபுணர். கேட்டவர் முகம் உடனே சுருங்கும். "ஏன் மா, டாக்டருக்கே படிக்கலாம்ல?" என்பார்கள். அதுவும் டாக்டர்தான் ஆன்டி, முதலில் டாக்டருக்குப் படித்து முடித்து, அப்புறம் அதற்கென்று தனியாகப் பல வருஷம் படிக்க வேண்டும் என்று விளக்குவேன். "அவ்வளவு படிக்கிறதுக்கு ஹார்ட் டாக்டர் ஆயிடலாம்லா" என்று அடுத்தது வரும். இந்தப் பேச்சைக் கிள்ளானில் உள்ள பாதிக் கல்யாண மண்டபங்களில் பேசி முடித்துவிட்டேன். எனக்குச் சலிக்கவில்லை. அவர்களுக்குத்தான் சலித்துப் போகிறது.

இப்போது எனக்குப் பத்தொன்பது வயது. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் முடித்துவிட்டு மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்கக் காத்திருக்கிறேன். கிடைக்கும். கிடைக்காவிட்டால் மறுபடியும் விண்ணப்பம் போடுவேன், அவ்வளவுதான்.

ஆசை வந்தது பதினான்கு வயதில். குடல்வால் வீங்கி என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அறுவை அறைக்குள் தள்ளிக்கொண்டு போனபோது எனக்குப் பற்கள் கிடுகிடுவென்று ஆடின. வயிற்றுப் பக்கம் நின்றவர்கள் எல்லாரும் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைமாட்டில் ஒருவர் மட்டும் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தார். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன. எழுந்ததும் என்ன சாப்பிட ஆசை என்று மலாயில் கேட்டார். "ரொட்டி சானாய்" என்றேன். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது. கண் விழித்தபோது அதே குரல், "ரொட்டி சானாய் இன்னும் ரெண்டு நாளைக்கு இல்ல, அடேக்" என்று தங்கச்சியைக் கூப்பிடுவது போலச் சொன்னது. நடுவில் போன நேரம் முழுவதும் எனக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தவர் அவர்தான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அப்பா போய் வெட்டிய டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கி நன்றி சொன்னார். தலைமாட்டில் இருந்தவரை யாரும் தேடவில்லை. எனக்கு அதில் கோபம்.

அப்பா லிப்ட் பழுது பார்ப்பவர். ஷா ஆலம், அம்பாங், செலாயாங் என்று ஒரு நாளைக்கு நாலு கட்டடம் ஏறி இறங்குவார். "தூங்க வைக்கிறதுக்கு எதுக்குமா அவ்வளவு படிப்பு? ஒரு ஊசி போட்டா தூங்கிருவான்" என்பது அவர் கட்சி. "லிப்ட்ல ஏறுறவங்க பிரேக் பாத்தவர் யாருன்னு கேக்குறாங்களா? அதுக்காக நீங்க வேணாம்னு ஆயிடுமா?" என்று திருப்பிக் கேட்பேன். பதில் கிடைக்காவிட்டால் அவர் நாக்கால் முன்பல்லைத் தடவுவார். அது பொய்ப்பல். பல வருஷத்துக்கு முன்பு லிப்ட் குழிக்குள் ஸ்பேனர் நழுவி அடித்ததில் சொந்தப் பல் போய்விட்டது. அந்த விஷயம் வீட்டில் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. சொந்தத் தம்பி முன்னால்கூட அதைக் கழற்ற மாட்டார். ஆள் அப்படி ஒன்றும் அழகனில்லை, ஆனால் சிரிப்பில் அவ்வளவு கர்வம்.

ஐந்தாம் படிவத்தில், சனிக்கிழமை டியூஷனுக்காகக் கிள்ளானிலிருந்து ரயில் ஏறிப் பிரிக்ஃபீல்ட்ஸ் போய் வந்துகொண்டிருந்தேன். அங்கே ஒரு மண்டபத்தில் தொழில் வழிகாட்டி நாள் நடத்தினார்கள். துறைக்கொரு மேசை, மேசைக்கொரு டாக்டர். இதயத்துக்கும் மூளைக்கும் வரிசை வாசல் வரை நீண்டிருந்தது. மயக்க மருந்து மேசையில் ஒரு டாக்டரம்மா தனியாக உட்கார்ந்து கறிபாப் தின்றுகொண்டிருந்தார். நான் ஒரு நோட்டுப் புத்தகம் நிறையக் கேள்வி எழுதி வைத்திருந்தேன். முக்கால் மணி நேரம் அவரை விடவில்லை. உங்களுக்கு ரொம்பப் பயம் எது என்று கேட்டேன். "நிறைஞ்ச வயிறு" என்றார். மயங்கிய ஆளுக்கு வயிற்றில் இருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து, அதனால்தான் வெறும் வயிறு கேட்கிறோம் என்றார். பாலும் சோறும் ஒன்றுதானா என்று கேட்டேன். பால் வயிற்றுக்குள் போனால் கெட்டியாகிவிடும், அதையும் சாப்பாடாகத்தான் எண்ண வேண்டும் என்றார். எழுதிக்கொண்டேன்.

அந்த வருஷமே அப்பாவுக்குப் பித்தப்பையில் கல் என்று சொல்லிவிட்டார்கள். எண்ணெய்ப் பலகாரம் எதைத் தின்றாலும் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவார். அரசாங்க ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் காத்திருந்து ஆபரேஷனுக்கு ஒரு தேதி கிடைத்தது. நடுராத்திரிக்குப் பிறகு எதுவும் வாயில் படக்கூடாது என்று தாதி சொல்லி அனுப்பினார். நான் அதைப் பெரிய எழுத்தில் எழுதிப் பிரிட்ஜில் ஒட்டினேன். மைலோ டின்னையும் பிஸ்கட் டின்னையும் என் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

காலையில் போகிற வழியில் கோயில். எங்கள் வீட்டில் பரீட்சை என்றாலும் புதுக் கார் என்றாலும் முதல் நிறுத்தம் அதுதான். காரை இரட்டை வரிசையில் நிறுத்தியிருந்ததால் என்னைக் காவலுக்கு விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் உள்ளே போய் வந்தார்கள். அப்போது மணி ஆறு. ஏழுக்கு ஆஸ்பத்திரி போனோம். எட்டு மணிக்குப் பச்சைச் சட்டையில் ஓர் இளம் டாக்டர் அப்பாவின் கட்டிலுக்கு வந்தார். மயக்க மருந்துப் பிரிவு. தலையில் தூடோங் முக்காடு, சின்ன உருவம், வேகமான பேச்சு. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது.

"பாக்சிக், கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?" என்று மலாயில், மாமாவை அழைப்பது போல மரியாதையாகக் கேட்டார். நேற்றிரவு எட்டு மணி என்றார் அப்பா. பொய்ப்பல் உண்டா என்று கேட்டார். இல்லை என்று பளிச்சென்று சிரித்தார் அப்பா. மயக்கத்தில் அது கழன்று மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அத்தனை பேர் முன்னால் அதை உடைக்க மனம் வரவில்லை. உள்ளே தள்ளிக்கொண்டு போகும் முன் காதோடு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். டாக்டர் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அம்மா கைப்பையைத் திறந்து ஒரு சின்ன மூடிக் கிண்ணத்தை எடுத்தார். "இந்தா, பசியாறாம வந்துட்டே. அபிஷேகப் பால், பஞ்சாமிர்தம் கலந்திருக்கு. அப்பா குடிச்சிட்டு உனக்குன்னு பாதி வச்சாரு."

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. "அப்பா குடிச்சாரா?"

"ஆமா. பிரசாதத்த வேணாம்னு சொல்ல முடியுமா? வெள்ளிக்கிழமை விரதத்துக்கே பால் பழம் ஆகும்ல."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. எங்கள் வீட்டில் பட்டினி என்றால் சோறு கிடையாது, அவ்வளவுதான். பாலும் பழமும் சாமி கொடுத்ததும் என்றைக்கும் பட்டினியை முறித்ததில்லை. முப்பது வருஷமாக இருக்கிற விரதத்தைத்தான் அவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள். நான் டின்களை ஒளித்து வைத்தேன், கோயிலை மறந்துவிட்டேன்.

"டாக்டர்கிட்ட சொல்லணும்" என்றேன்.

அப்பா தணிந்த குரலில் சீறினார். "வாய மூடு. மூணு மாசம் காத்திருந்த தேதி. கால் கிளாஸ் பாலுக்காக விடச் சொல்றியா? லீவு போட்டாச்சு, வலி தாங்கல எனக்கு."

"செத்துருவீங்கப்பா."

"சும்மா இருலா!"

நான் தைரியசாலி என்பதால் எழுந்து போகவில்லை. கோபத்தில் போனேன். இவ்வளவு சொல்லியும் கேட்கவில்லையே என்கிற கோபம். மூன்றாவது கட்டிலருகே நின்ற டாக்டரிடம் போய், ஆறு மணிக்கு என் அப்பா பால் குடித்திருக்கிறார் என்றேன். அவர் திரும்பி வந்து அப்பாவிடம் கேட்டார். அப்பா கண் இமைக்காமல், "சின்னப் பிள்ள டாக்டர், ஏதோ உளறுறா" என்றார். டாக்டர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அம்மாவின் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி, மூடியைத் திறந்து நீட்டினேன். வாழைப்பழமும் ஏலக்காயும் மணத்தன.

அன்றைக்கு முடியாது என்றார் டாக்டர். வயிறு காலியாகும் வரை காத்திருக்கலாம் என்றால், சாயங்காலம் வரை அறைகள் நிரம்பியிருந்தன. அடுத்த தேதி ஆறு வாரம் கழித்து.

காரில் அப்பா ஒரே ஒரு தடவை வாய் திறந்தார். "பெரிய நிபுணரு. படிக்கவே ஆரம்பிக்கல, அதுக்குள்ள பெத்த அப்பன காட்டிக் குடுக்கக் கத்துக்கிட்டா." அதுவும் அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார். அதற்குப் பிறகு என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். எல்லாம் அம்மா வழியாகத்தான். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். "அவள உப்ப எடுக்கச் சொல்லு" என்பார். அம்மா என்னைப் பார்ப்பார். நான் உப்பை எடுத்து அம்மாவிடம் கொடுப்பேன். எனக்கும் பிடிவாதம் குறைச்சலில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் அவருக்கு வலி வந்தது. சமையலறைத் தரையில் வியர்த்துக் கொட்டிக்கொண்டு கிடந்தார். அவசரப் பிரிவுக்குக் கொண்டு போய் ஊசி போட்டுத் திரும்பக் கூட்டி வந்தோம். அன்றைக்கு நான் நிஜமாகப் பயந்தேன். ஆபரேஷன் நடந்திருந்தால் இந்த வலி இல்லை, அதை நிறுத்தியவள் நான். மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்று அவர் அறை வாசல் வரைக்கும் போனேன். கேட்கவில்லை. சரியென்று தெரிந்து செய்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டால், நாளைக்கு எந்த முகத்தோடு ஒரு நோயாளியைக் கேள்வி கேட்பேன்? திரும்பி வந்து புத்தகத்தைத் திறந்தேன். எழுத்து ஒன்றும் கண்ணில் ஏறவில்லை.

அடுத்த வாரம் அப்பா வேலை முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் பொரிந்து தள்ளினார். அம்பாங்கில் ஓர் அடுக்குமாடி. பதினாலாவது மாடியில் நிச்சயதார்த்தம். கீழே சாப்பாட்டுப் பாத்திரங்களோடு கூட்டம் நிற்கிறது. இவர் லிப்டை மூடி, பழுது என்று பலகை மாட்டிவிட்டார். "என்னா பேச்சு பேசுறாங்க தெரியுமா? ஒரு நாள் ஓடட்டும் பாஸ், நாங்க சாமி கும்பிட்டுத்தான் வந்தோங்கறான் ஒருத்தன். பிரேக் தேஞ்சிருக்குன்னு தெரிஞ்ச பிறகு நான் எப்படி திறந்து விடுறது? ஏறுறவனுக்கு என்ன தெரியும்? தெரிஞ்சவன்தானே நிறுத்தணும்!"

அம்மா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். அப்பா பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு, நாக்கால் முன்பல்லைத் தடவினார். பிறகு டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார். அன்றைக்கும் என்னிடம் பேசவில்லை. ஆனால் என் அறை மின்விசிறி ஒரு மாதமாகக் கரகரத்துக்கொண்டிருந்தது, மறுநாள் டியூஷன் முடிந்து வந்து பார்த்தபோது சத்தமில்லாமல் சுற்றியது.

இரண்டாவது தேதி வந்தது. அம்மா முந்தின நாளே கோயிலுக்குப் போய் விபூதி மட்டும் வாங்கி வந்தார். வார்டில் அறுவை நிபுணர் வந்து எங்கே துளை போடுவார், எப்படி எடுப்பார் என்று படம் வரைந்து காட்டினார். அப்பா தலையாட்டினார். கட்டிலைத் தள்ள ஆட்கள் வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"நந்தி டூலு, கொஞ்சம் பொறுங்க. என் தலைமாட்டுல உக்காரப் போற டாக்டர் யாரு? நான் பாக்கணும்."

உள்ளே போனதும் பார்க்கலாம் என்றார் தாதி. இங்கேயே பார்க்க வேண்டும் என்றார் அப்பா. அம்மாவுக்கு வெட்கம். கொஞ்ச நேரத்தில் அதே சின்ன டாக்டர் வந்தார். என்னை அடையாளம் கண்டு புருவத்தை உயர்த்தினார். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று ஆரம்பித்தார்.

அப்பா எழுந்து உட்கார்ந்து, லிப்ட் ரிப்போர்ட் ஒப்பிப்பது போல மலாயில் சொன்னார். ராத்திரி ஏழரைக்கு இரண்டு இட்லி. சட்னி இல்லை. பத்து மணிக்கு அரைக் கிளாஸ் தண்ணீர். காலையில் பல் விளக்கி வாய் கொப்பளித்தது, துப்பியாகிவிட்டது. கோயிலில் எதுவும் இல்லை. நெற்றியில் விபூதி, வாயில் போடவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார். ஆறு வாரத்துக்குப் பிறகு நேராக என் கண்ணைப் பார்த்தார்.

"ஏதாச்சும் விட்டுட்டேனா?"

இல்லப்பா, எல்லாம் சரி என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொள்ள எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? ஆனால் கேட்டவருக்கு நிஜமான பதில் வேண்டும்.

"பல்லுப்பா" என்றேன்.

டாக்டர், தாதி, தள்ள வந்த இரண்டு பேர், பக்கத்துக் கட்டில் அங்கிள், அவர் மகன் என்று அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா என்னை முறைத்தார். முறைத்துக்கொண்டே வாய்க்குள் இரண்டு விரலை விட்டு, பல்லைக் கழற்றி, சட்டையில் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"பத்திரம்" என்றார். முன்னால் பல் இல்லாததால் அந்தச் சொல் காற்றாக வந்தது.