சுருளியம்மாள் சொன்ன சௌகரியம்

சூரியநெல்லிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் முப்பது வருஷம் கொழுந்து கிள்ளிய சுருளியம்மாள், பெரிய பங்களாவின் முன்வாசலை மிதித்ததில்லை. எஸ்டேட் ஆட்களுக்கு எப்போதும் அடுப்படிப் பக்கத்து வழிதான். வெள்ளைக்காரத் துரை இருந்த காலத்துச் சட்டம் அது. துரை போய், பங்களா ஓட்டலாகி, வெளியூர்க்காரர்கள் வந்து தங்கிப் படம் பிடித்துப் போகும் இந்தக் காலத்திலும் அந்தச் சட்டத்துக்கு மட்டும் வயதாகவில்லை. கடைசியில் அவள் முன்வாசல் வழியாகப் போனபோது நடந்து போக அவளுக்குக் கால் இல்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் மழையில், தலையில் கொழுந்து மூட்டையோடு வடிகாலில் சறுக்கி விழுந்தாள். முதுகெலும்பில் அடி. கால்கள் இரண்டும் செத்துப்போயின, மற்ற உணர்வெல்லாம் மிச்சம் இருந்தது. அதிர்ஷ்டம் என்றார் டாக்டர். பஞ்சாயத்து முகாமில் ஒரு சக்கர நாற்காலி கொடுத்தார்கள். அதை, எஸ்டேட் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டின் ஒற்றை அறைக்குள் முன்னும் பின்னும் உருட்டிக்கொள்ளலாம். வாசலைத் தாண்டினால் ஆறு படி, அதற்கப்புறம்தான் பாதை. அந்த நாலு வருஷத்தில் அவள் படியிறங்கியது ஒன்பது தடவை. ஆஸ்பத்திரிக்கு ஏழு, ஓட்டுப் போட இரண்டு. ஆஸ்பத்திரிக்குத் தூக்க ஆள் தேடி அவள் புருஷன் நல்லதம்பி லயம் லயமாக அலைவான். ஓட்டுக்கு மட்டும் கூப்பிடாமலே நாலு பேர் வந்து நிற்பார்கள்.

பத்தாவது தடவை தூக்க ஆள் அனுப்பியவர் ஓட்டலின் மலையாளி மேனேஜர் ஜின்சன்.

"சேச்சி, ஒரு உதவி. வீல்சேர்ல வர்ற கெஸ்ட்டுக்கு எல்லா வசதியும் உண்டுன்னு ஒரு சர்டிபிகேட் வாங்கணும். எர்ணாகுளத்துலேர்ந்து ஒரு சார் செக் பண்ண வர்றார். வீல்சேர்ல இருக்கிற ஒரு ஆளே போய்ப் பார்த்துச் சொல்லணுமாம். நல்லா சொல்லணும், கேட்டோ?"

சுருளியம்மாள் புடவையா கேட்டாள், அரிசியா கேட்டாள்? "இந்த ஆறு படிக்கும் பங்களாவுல போட்ட மாதிரி ஒரு சாய்வுப் பாதை போட்டுக் குடுங்க சார்," என்றாள்.

"சர்டிபிகேட் வரட்டும். அடுத்த வாரமே மேஸ்திரி இங்க வருவான்."

ஜின்சன் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அவளுக்கு அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. தானாகவே பாதைக்கு இறங்கலாம், டீக்கடை வரை போகலாம், கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போய்ப் பழைய கூட்டாளிகளிடம் நாலு வார்த்தை பேசலாம் என்று மனசு அதற்குள் கீழே இறங்கி ஊர் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

பங்களாவின் முன்னால் புதுச் சாய்வுப் பாதை வழவழவென்று இருந்தது. நாற்காலி தானாக ஏறியது போல ஏறியது. முன்வாசல் வழியாக உள்ளே போனாள். பளபளத்த மரத்தரையில் சக்கரம் பதித்த ஈரத்தடத்தை, பின்னாலேயே ஒருவன் குனிந்து துடைத்துக்கொண்டு வந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

எர்ணாகுளத்துச் சார் நாடாவால் சாய்வை அளந்தார், படுக்கையை அளந்தார். பிறகு, "அவங்க பாத்ரூம் போய்ட்டு வந்து சொல்லட்டும்," என்றார்.

"பெண்ணாச்சே சார், நாம வெளியே நிக்கலாம்," என்று ஜின்சன் அவளை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். என்ன மரியாதை, என்ன மரியாதை!

குளியலறைக்குத் துரை காலத்துத் தேக்கு நிலைக்கதவு. விளம்பரத்தில் அந்தக் கதவுக்கே தனிப் படம் உண்டு, அதனால் ஓட்டல்காரர்கள் அதில் கை வைக்கவில்லை. சுருளியம்மாள் நாற்காலியை விட்டாள். இரண்டு சக்கரமும் நிலையில் இடித்து நின்றன. நாலு விரல் அகலம் போதவில்லை. சாய்த்துப் பார்த்தாள், பின்வாங்கி மறுபடி விட்டுப் பார்த்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தாள், உண்மையிலேயே போக வேண்டியிருந்தது. எட்டினால் தொடுகிற தூரத்தில் வெள்ளைப் பீங்கான் மின்னிக்கொண்டிருந்தது.

அங்கே அவளைப் பார்க்க யாரும் இல்லை. ஒருத்தி போய்வர எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு வெளியே வந்தாள்.

"எப்படி?" என்றார் சார்.

"சௌகரியமா இருக்கு சார்."

படம் எடுத்தார்கள். சிரித்தாள். வீட்டுக்குத் தூக்கி வந்து வைப்பதற்குள் புடவை நனைந்துவிட்டது.

சர்டிபிகேட் வந்தது. மேஸ்திரி வரவில்லை. லயம் கம்பெனியுடையது, ஓட்டல் வேறே, மேலே எழுதிப் போட்டிருக்கிறது, மழை விடட்டும் என்று ஜின்சன் வாரத்துக்கு ஒரு சாக்குச் சொன்னார். மிச்சமான நாலு மூட்டை சிமெண்ட் பங்களாவின் பின்னால் மழையில் ஊறிக் கல்லாகிக் கிடப்பதை நல்லதம்பி பார்த்துவிட்டு வந்தான். "அவன் குடுக்க மாட்டான், ஆசைய விட்ரு," என்றான். அவள் விடவில்லை.

மார்கழியில் ஒருநாள் காலை, எல்லாரும் வேலைக்குப் போன பிறகு, ஒரு கார் லயத்துக்குக் கீழே வந்து நின்றது. டிரைவர் சக்கர நாற்காலியை இறக்க, ஒரு பெண் அதில் உட்கார்ந்தாள். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. பாதைக்கும் வாசலுக்கும் நடுவே ஆறு படி. கீழே ஒரு நாற்காலி, மேலே ஒரு நாற்காலி.

"நீங்கதானா சுருளியம்மாள்? என் பேரு கோமதி. மதுரையில பேங்க்ல இருக்கேன். முந்தாநாள் அந்த ஓட்டல்ல தங்கினேன்." டிரைவர் அவளுடைய போனை மேலே கொண்டுவந்து காட்டினான். அதில், ஓட்டல் விளம்பரத்தில், சுருளியம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பாத்ரூமுக்குள்ள நீங்க போனீங்களா?"

"போகலம்மா. கதவு பத்தல."

"எனக்கும் பத்தல. நிலையைப் பிடிச்சு இறங்கப் பாத்தேன், விழுந்துட்டேன்." கோமதி மாவுக்கட்டை உயர்த்திக் காட்டினாள். "எந்த ஓட்டலா இருந்தாலும் கதவு எத்தனை அங்குலம்னு கேக்காம நான் கிளம்பினதே இல்ல. இங்க மட்டும்தான் கேக்கல. நம்மள மாதிரி ஒரு ஆளே சொல்லியிருக்காங்களேன்னு நம்பி வந்தேன். ஏன் அப்படிச் சொன்னீங்க?"

சுருளியம்மாள் படியைக் காட்டினாள். "இதுக்குத்தாம்மா."

கோமதி ஆறு படியையும் பார்த்தாள். வரும்போது கொண்டுவந்த கோபத்தை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "இப்ப உண்மையைச் சொல்வீங்களா? பதிவு பண்ணிக்கிறேன்," என்றாள்.

சொன்னால் சாய்வுப் பாதை போச்சு. அது சுருளியம்மாளுக்குத் தெரியும். மாவுக்கட்டைப் பார்த்தாள். "எடும்மா," என்றாள். "நான் உள்ளயே போகல. போனேன்னு பொய் சொன்னேன். என்னை நம்பி ஒரு பிள்ள விழுந்திருச்சு."

அந்தப் பதிவு வெளியான பதினைந்து நாளில் மேஸ்திரி வந்தான். ஜீப்பில் புது சிமெண்ட் மூட்டைகளோடு அவள் வாசலைத் தாண்டி மேலே போனான். பங்களாவில் மூன்று நாள் வேலை நடந்தது.

"தேக்குக் கதவக் கழட்டிட்டாங்க," என்றான் நல்லதம்பி, சட்டையைக் கழற்றி மாட்டியபடி.

"எவ்வளவு அகலம் வச்சிருக்காங்க?"

"உன் நாற்காலி தாராளமாப் போகும்," என்றான்.