ஏழாம் விதியை எழுதியவன் நான்தான்

எங்கள் விளையாட்டுக்கழகத்தின் மென்பந்து கிரிக்கெட் சுற்றுப்போட்டிக்கு விதி எழுதும் வேலையை என்னிடம் தந்தார்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. ஆனாலும் ஏழாம் விதியை ரசித்து எழுதினேன். துடுப்பில் வெறும் மரம் இருக்கலாம், துணி ரேப் என்கிற ஒட்டுநாடா சுற்றலாம். வேறு எது ஒட்டியிருந்தாலும் எடுத்த ஓட்டம் முழுக்க ரத்து, ஆளுக்கு ஒரு வருடம் தடை, காரணம் கேட்கப்படமாட்டாது. அந்தக் கடைசித் துண்டு என் சொந்தச் சரக்கு.

போன வருடம் முதலில் அகப்பட்டவன் ஜெயபுரத்து இளைஞன் ஒருவன். அவன் துடுப்பின் அடியில் சைக்கிள் ரியூப் ஒட்டியிருந்தது. ரப்பரில் பட்டால் டென்னிஸ் பந்து பேய் பிடித்த மாதிரிப் பறக்கும்.

"வெடிச்சுப் போச்சண்ணை, அதுக்குத்தான் ஒட்டினனான்" என்றான்.

"வெடிச்சா புதுசு வாங்கோணும்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. சனம் சிரித்தது. எனக்கு உச்சி குளிர்ந்தது.

விளையாடத்தான் தடை. நாள் முழுக்க வெயிலில் நடுவராக நிற்க வேறு ஒருவரும் வராததால், தடைபட்டவர்களையே அதற்கு நிறுத்துவது எங்கள் ஏற்பாடு. அப்படி இந்த வருடம் அவன் நடுவரானான்.

போட்டிக்கு முதல் நாள் என் துடுப்பு வெடித்தது. எங்கள் பக்கத்தில் செருப்பு, வாளி, மருந்தடிக்கிற தாங்கி, எது வெடித்தாலும் டயர் ஒட்டுகிற கடைக்குத்தான் போகும். மாங்குளத்துக் கடைக்காரர் ஏதோ ஒட்டி, மேலே ரேப் சுற்றித் தந்தார். உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை.

பத்தொன்பது ஓட்டத்துக்கு மேல் வாழ்க்கையில் நான் அடித்ததில்லை. போட்டியன்று எனக்கு வந்த முதல் பந்தே வேலி தாண்டி மாட்டுப்பட்டிக்குள் விழுந்தது. அதன்பிறகு நான் நிறுத்தவில்லை. ஐம்பத்தொன்று! துடுப்பை உயர்த்தி நாலு பக்கமும் காட்டினேன். நாலாவது பக்கம் காட்டும்போது ரேப் கழன்று, கறுப்பு ரப்பர் நாக்கை நீட்டியது.

எதிரணி கத்த, நடுவர் வந்து துடுப்பை வாங்கிப் பார்த்தான்.

"வெடிச்சுப் போச்சுத் தம்பி, அதுக்குத்தான் ஒட்டினது" என்றேன். அதே சனம் சிரித்தது. நாற்பத்தொரு வயதில் அழுகை வந்துவிடும்போல் இருந்தது.

அவன் மட்டும் சிரிக்கவில்லை.

"நான் நம்புறன் அண்ணை" என்றான். எனக்கு உயிர் வந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஆனா முதல் சிக்ஸரோட உங்களுக்கு விளங்கியிருக்கும். போன வருசம் எனக்கும் அப்பிடித்தான்."

அவன் விதித்தாளைப் பார்க்காமலே ஐம்பத்தொன்றையும் வெட்டச் சொன்னான்.

"என்ர தடை இண்டையோட முடியுது. நாளைக்கு ஃபைனலுக்கு நேரத்துக்கு வாங்கோ" என்றவன், தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி என் கையில் தந்தான். "நல்ல வெயில் அண்ணை."