மூன்று முறை வெடித்த ஜன்னல் சட்டம்

பிளாஸ்டிக் வார்க்கப் பிசின் கலக்குவதால் அவளுக்குப் பிசின்காரி என்று பெயர். அவளைக் கட்டியவர் வீட்டில் மூத்தவர். அவருக்கு நேர் இளையவன்தான் விமானக் கொட்டகையில் மெக்கானிக். அண்ணன் இருந்தவரை "அண்ணி, அண்ணி" என்று காலைச் சுற்றியவன், அவர் கண்ணை மூடியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

காரணம் ஒரு மேசை. பழைய விமானங்களின் மஞ்சள் பாய்ந்த பிளாஸ்டிக்கும் கிழிந்த இருக்கை உறையும் கொட்டகை மூலையில் அண்ணன் வேலை செய்த அந்த மேசையில்தான் புதுசாகும். அண்ணனுக்குப் பிறகு அதில் தன் மச்சினனை உட்கார வைக்க நினைத்திருந்தான். இருபது வருஷம் புருஷனுக்குப் பிசின் கலக்கிக் கொடுத்தவள் விடுவாளா? போய் உட்கார்ந்துவிட்டாள்.

கொட்டகைக்கு முதலாளி ஒரு பல் டாக்டர். அவருடைய நாலு சீட்டுக் கிழட்டு விமானத்தில் ஜன்னலைச் சுற்றிய சட்டம் நொறுங்கிப் போயிருந்தது. அவள் புதிதாக வார்த்தாள். செய்வது அவள், மாட்டிப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது கொழுந்தன். அதுதான் அங்கே வழக்கம்.

பதினைந்தே நாளில் ஸ்க்ரூ ஓட்டையிலிருந்து சட்டம் வெடித்தது. மறுபடி செய்தாள். அதுவும் வெடித்தது.

"அண்ணி அப்பளம் பொரிச்சுக் கொடுக்குறாங்க சார்," என்றான் கொழுந்தன்.

"நான் கட்டுற பல்லே இதைவிட நாள் தாங்குதும்மா," என்றார் டாக்டர். "இன்னொரு தடவை உடைஞ்சா மேசையைக் காலி பண்ணிடுங்க."

மூன்றாவதும் உடைந்தது. மேசையைக் காலி செய்ய வரச் சொன்னார்கள். அவள் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து, டாக்டரும் கொழுந்தனும் பார்த்துக்கொண்டிருக்க, யாரையும் கேட்காமல் விமானத்தில் ஏறி, சட்டத்தைத் தானே கழற்றினாள். உள்ளே இருந்தது அவள் சட்டத்தோடு சேர்த்துக் கொடுத்த ஸ்க்ரூ இல்லை; அதைவிடத் தடித்தது.

"இது யார் போட்டது?"

"ஓட்டை லொடலொடன்னு இருந்துச்சு. ஆடக்கூடாதுன்னு பெருசு போட்டேன். தப்பா?"

"வெயில்ல நின்னா பிளாஸ்டிக் விரியும். அதுக்கு இடம் வேணும்னுதான் ஸ்க்ரூவைவிட அரை நூல் அகலமா ஓட்டை போடுறது. உங்க அண்ணனும் அப்படித்தான் போட்டாரு. அவர் செஞ்சதையும் நீதானே மாட்டினே? அதுக்கு எந்த ஸ்க்ரூ போட்டே, தம்பி?"

கொழுந்தன் தடித்த ஸ்க்ரூவை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். டாக்டருக்கு அது போதும்.

"இனி அவங்க செஞ்சதை அவங்களே மாட்டட்டும். நீ பார்த்துட்டுக் கையெழுத்து மட்டும் போடு," என்றார்.

நாலாவது சட்டத்தை அவளே மாட்டினாள். கொழுந்தன் அதை ஆட்டிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான், குற்றம் அகப்படவில்லை. இருந்த கோபத்தையெல்லாம் பேனாவில் காட்டினான். பதிவேட்டுத் தாள் கிழிந்தது.

அவள் நகரவில்லை.

"கிழிஞ்ச தாள் செல்லாது தம்பி. அடுத்த பக்கத்துல போடு. நான் நிக்கிறேன்."