ஒன்பது புளியங்கொட்டைகள்

டாக்டர் என்னை நடக்கத்தான் சொன்னார். கர்ப்பத்தில் ஏறிய சர்க்கரை பிரசவத்துக்குப் பிறகு இறங்கிவிட்டது, உடம்பு இறங்கவில்லை. தினமும் அரை மணி நேரம் நடங்கள் என்றார். பத்து நாள் நடந்தேன். பதினோராம் நாள், யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் ஓடிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் நானூறு மீட்டரில் இரண்டாவதாக வந்தவள் நான். கால்களுக்கு அது நினைவிருந்தது. வீட்டில் மட்டும் கடைசிவரை "நடந்துட்டு வர்றேன் அத்தை" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மகள் பிறந்த அடுத்த கோடை அது. அவளுக்கு எட்டு மாதம். திண்டிவனத்தில் நான், குழந்தை, கணவர், மாமியார் என்று நான்கு பேர் இருந்தோம். கணவர் காலை ரயிலில் விழுப்புரத்துக்கு வேலைக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். விடியற்காலையில் குழாயில் தண்ணீர் பிடிக்கவும் அவருக்குச் சாப்பாடு கட்டவுமே நேரம் சரியாக இருக்கும். மாலையில் பள்ளிக்கூட மைதானம் முழுக்கக் கிரிக்கெட். ஒரு பெண் ஓடினால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். எனக்கென்று மிஞ்சியது மதியம் மூன்று மணி. அப்போது குழந்தை தூளியில் தூங்குவாள். அத்தை தூளிக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு தரையில் படுத்திருப்பார்.

கத்திரி வெயிலில் எதற்குப் போகிறாய் என்று அவர் தடுப்பார் என நினைத்தேன். தடுக்கவில்லை.

"நல்லா வேர்த்தாதான் பிள்ள பெத்த ஒடம்பு எறங்கும். போய்ட்டு ஜல்தியா வா" என்றார். பிறகு கொல்லைக்குப் போய் ஒரு வேப்பங்கொழுந்தை ஒடித்து வந்து என் பின்னலில் செருகினார். "பால் குடுக்கிறவ வெயில்ல தனியா போவக்கூடாது. இது இருக்கட்டும்."

தண்ணீருக்கும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. பால் கொடுப்பவள் நிறையத் தண்ணீர் குடித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்பது அவர் கணக்கு. சாப்பாட்டோடு வேளைக்கு ஒரு டம்ளர் சீரகத் தண்ணீர், அதுவும் கொதிக்கவைத்து ஆறியது. மோர், தர்பூசணி, பானைத் தண்ணீர் எதுவும் கூடாது. நான் விலங்கியலில் பட்டம் வாங்கியவள். அதில் உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒருவேளை இருந்தால்? குழந்தை ஒரு தும்மல் போட்டாலும் அது என்னால் வந்ததாகிவிடுமே. கேட்டு நடந்தேன்.

மைதானம் எங்கள் தெருக்கோடியில் இருந்த பள்ளிக்கூடத்துடையது. விடுமுறையில் மதிய நேரத்தில் அங்கே யாரும் வரமாட்டார்கள். மூன்று மணிக்குத் தெருவில் கடைகள் படுதாவை இறக்கிவிட்டிருக்கும். நாய்கள்கூடக் காய்ந்த சாக்கடைக்குள் இறங்கிப் படுத்திருக்கும். என் ஷூ சத்தம் சுவரில் பட்டு எனக்கே திரும்பி வரும், யாரோ பத்தடி பின்னால் வருவது மாதிரி. நடுவில் ஒரு கொடிக்கம்பம். ஒரு இலைகூட அசையாத வெயிலில் அதன் கயிறு மட்டும் அவ்வப்போது கம்பத்தில் 'டிங்' என்று தட்டும். நான் நின்றால் அதுவும் நின்றுவிடும் என்று எனக்கு ஒரு நினைப்பு. நின்று பார்க்கத் தைரியம் வந்ததில்லை.

சுற்றுகளை எண்ணப் புளியங்கொட்டை வைத்திருந்தேன். கல்யாணமாகி மூன்று வருடம் எனக்குப் பிள்ளையில்லை. ஏரிக்கரை அரசமரத்தை நாற்பத்தெட்டு நாள், நாளுக்கு ஒன்பது சுற்று வந்தேன். உள்ளங்கையில் ஒன்பது கொட்டை; சுற்றுக்கு ஒன்றாக மரத்தடியில் வைத்து, முடிந்ததும் பொறுக்கிக்கொள்வது. எங்கள் பக்கத்துப் பெண்கள் அப்படித்தான் எண்ணுவார்கள். பிள்ளை பிறந்தால் இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒன்பது சுற்று வருகிறேன் என்று வேண்டியிருந்தேன். பிறந்தாள். முதலில் மழை, பிறகு பனி, பிறகு வெயில் என்று நாள் தள்ளிக்கொண்டே போனது. அந்தக் கொட்டைகள் ஒரு பவுடர் டப்பாவில் சாமி அலமாரியில் இருந்தன. ஓட்டத்துக்கு அவற்றைத்தான் எடுத்தேன். இத்தனைக்கும் அடுப்படியில் வேறு கொட்டைகள் ஒரு ஜாடி நிறைய இருந்தன.

கேட் அருகே கட்டைச்சுவரில் பட்டன் போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு வைப்பேன். ஒவ்வொரு சுற்றுக்கும் அதன் பக்கத்தில் ஒரு கொட்டை. வீட்டுக்கு வந்து ஒரு பழைய நோட்டில் தேதி, சுற்று, நிமிடம் என்று மூன்று பத்தியில் எழுதுவேன். இரண்டு சுற்றில் ஆரம்பித்து மூன்று, நான்கு, ஐந்து என்று ஏறியது. கத்திரி முடிவதற்குள் ஒன்பது என்று நோட்டின் மேலே எழுதி வட்டம் போட்டிருந்தேன். அந்தப் பத்தி ஏறுவதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு திருட்டுச் சந்தோஷம். அந்த வீட்டில் என்னுடையது என்று சொல்லக்கூடிய ஒரே விஷயம் அது.

ஒருநாள் ஐந்து சுற்று ஓடிவிட்டு வந்து பார்த்தால் சுவரில் ஆறு கொட்டைகள் இருந்தன.

தப்பாக வைத்திருப்பேன் என்று நினைத்தேன். ஆனால் எனக்கு ஒரு சுற்றுக்கு மூன்று நிமிடம் ஆகும். போன் பதினெட்டு நிமிடத்தைத் தாண்டிக் காட்டியது. மண்ணில் என் ஷூவின் அலைக்கோடுகளைத் தவிர வேறு புதுத் தடம் இல்லை. அப்படியானால் ஆறு ஓடியிருக்கிறேன். அதில் ஒரு சுற்று என் நினைவில் இல்லை. நோட்டில் 6 என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, முதலில் தோன்றியது, பரவாயில்லை ஒரு சுற்று கூடிவிட்டது என்பதுதான்.

இரண்டு நாள் கணக்கு சரியாக இருந்தது. மூன்றாம் நாள் மறுபடியும் ஒன்று அதிகம். அந்த வாரத்தில் மூன்று கேள்விக்குறிகள் விழுந்தன.

பேய் பிசாசை நான் நினைக்கவில்லை. நான் நினைத்தது மூன்று நிமிடத்தை. மூன்று நிமிடம் நான் எங்கேயோ போய்விட்டு வருகிறேன், போனது எனக்கே தெரியவில்லை. அதே மூன்று நிமிடம் குழந்தையைக் குளிப்பாட்டும்போது வந்தால்? மாடிப்படியில் வந்தால்? அன்றிலிருந்து இடுப்பு வலி என்று சொல்லிக் குழந்தையைக் குளிப்பாட்டுவதை அத்தையிடம் விட்டுவிட்டேன். அவர் முற்றத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, கால்மேல் அவளைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார். நான் துண்டோடு தள்ளி நிற்பேன்.

பள்ளிக்கூட வாட்ச்மேனின் மனைவி கேட்டை ஒட்டிய அறை வாசலில் தினமும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருப்பார். நாற்பது வயது இருக்கும். ஒரு தலையசைப்புக்கு மேல் நாங்கள் பேசியதில்லை. ஒருநாள் நான் ஓடி முடித்து மூச்சு வாங்கும்போது அவராகக் கேட்டார்.

"ஏம்மா, கொழந்தய எங்க உட்டுட்டே?"

"வீட்டுல தூங்குதுக்கா. ஏன்?"

"இப்ப வச்சிருந்தியே."

"எதை?"

சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "வெயில்ல எனக்குக் கண்ணு பூத்துப்போச்சி போல. அந்தக் கோடியில வரும்போது ஓடல நீ. இடது கைய மடக்கி, இடுப்ப ஒடிச்சிக்கினு, பிள்ளய தூக்கிக்கினு வர்றவ மாதிரி நடந்து வந்தே. கிட்ட வந்தா கை சும்மா கீது."

"எத்தனாவது சுத்துல?"

"நான் இன்னா பரிட்ச பேப்பரா திருத்தறேன்? மல்லாட்ட உரிச்சிக்கினு கீறேன்." ஒரு மல்லாட்டையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். "வாய வேற அசைச்சிக்கினு வந்தே. பாடினியா, பேசினியா?"

சுவரைப் பார்த்தேன். என் கணக்கில் ஆறு. சுவரில் ஏழு.

"மூஞ்சி வெளுத்துப் போச்சி. இந்தா, தண்ணி குடி."

"வேணாங்க்கா. பால் குடுக்கறேன். பாப்பாவுக்குச் சளி பிடிச்சிக்கும்."

"யாரு சொன்னது?"

"அத்தை."

"உன் மாமியாரக் கூட்டியா. மாட்டுக்குத் தண்ணி காட்டாம பால் கறந்து காட்டச் சொல்லு, பாக்கறேன்."

அப்படியும் நான் குடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் குழந்தை விழித்துக்கொண்டு கையை நீட்டினாள். தூக்கினேன். இடது இடுப்பில் அச்சில் வார்த்தது போல் வந்து உட்கார்ந்தாள். கை தானாக மடங்கியது. எங்கே மடங்கியதென்று பார்த்தேன், அந்த அக்கா சொன்ன அதே இடத்தில். உடனே பாயில் இறக்கிவிட்டேன். அழுதாள். மறுபடி தூக்க எனக்குக் கை வரவில்லை.

"பெத்தவ தூக்காம பக்கத்து வூட்டுக்காரியா வந்து தூக்குவா?" என்றார் அத்தை.

யாரிடம் சொல்வது? அத்தையிடம் சொன்னால் மந்திரிக்க அழைத்துப் போவார். கணவரிடம் சொன்னால் கொஞ்சநாள் அம்மா வீட்டில் இரு என்பார். குழந்தையை என்னோடு அனுப்புவார்களா என்று தெரியாது. சொல்லாமல் இருந்தால், என்னிடம் அவள் பத்திரமாக இருப்பாளா என்பதும் தெரியாது. வேண்டுதல் நினைவுக்கு வந்தது. தர வேண்டிய சுற்றைத்தான் யாரோ என்னிடமிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறார்களோ? மறுநிமிடம், பட்டப்படிப்பு படித்துவிட்டு இதையா யோசிக்கிறாய் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அதற்கடுத்த நிமிடம் மறுபடியும் அதே யோசனை.

தடுப்பூசிக்காகக் குழந்தையை விழுப்புரத்துக்குக் கொண்டுபோனோம். அத்தையும் கூட வந்தார். ஊசி போட்டுவிட்டு டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "உதடு ஏன் இப்படி வெடிச்சிருக்கு? தலை சுத்துதா?"

"கொஞ்சம்."

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?"

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை, "மூணு டம்ளர் குடுக்கறேங்க டாக்டர்" என்றார், பெருமையாகத்தான்.

"மூணு டம்ளரா? இந்த வெயிலுக்கு நான் வீட்டுச் செடிக்கே அதைவிட அதிகம் ஊத்தறேன்."

"பிள்ளைக்குச் சளி பிடிக்குமேங்க."

"பிடிக்காதும்மா. இப்படியே விட்டா உங்க மருமகதான் ரோட்டுல மயங்கி விழுவாங்க. கொழந்தைய யார் பாத்துக்கறது?"

பஸ் ஸ்டாண்டில் அத்தை என்னை உட்காரவைத்துவிட்டுப் போனார். பெரிய தண்ணீர் பாட்டிலோடு வந்து, மூடியைத் திருகித் திறந்து என் கையில் கொடுத்தார். முழுக்கக் குடிக்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு கேள்விக்குறிகள் வரவில்லை. நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது: 6, 6, 7, 7, 8. கத்திரி முடிய இரண்டு நாள் இருக்கும்போது 9. அந்த அக்கா இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். தண்ணீர்தான் காரணம் என்று என் படிப்பு சொன்னது. அப்படியே நம்பியிருக்கலாம். ஆனால் என்னால் அப்போதும் குழந்தையைக் குளிப்பாட்ட முடியவில்லை. தனியாக ஓடும்போது நினைவு தப்பவில்லை, சரி. அவள் என் இடுப்பில் இருக்கும்போது?

அடுத்த வெள்ளிக்கிழமை காலை வேண்டுதலை முடிக்க ஏரிக்கரைக்குப் போனோம். ஏரி வறண்டு பாளம் பாளமாக வெடித்திருந்தது. அத்தை மரத்தடியில் விளக்கேற்றினார். நான் ஒன்பது கொட்டைகளை எண்ணி வலது கையில் வைத்துக்கொண்டேன். குழந்தை இடது இடுப்பில்.

ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு அடையாளம் பிடித்துக்கொண்டேன். முதல் சுற்றில் அவள் என் தோட்டை இழுத்தாள். இரண்டாவதில் ஒரு எறும்பு வரிசையைத் தாண்டினேன். மூன்றாவதில் தூரத்தில் ரயில் சத்தம். நான்காவதில் ஒரு பழுத்த இலை அவள் தலையில் விழுந்தது. ஐந்தில் கொட்டாவி. ஆறில் என் கால் ஒரு வேரில் இடறியது, விழவில்லை. ஏழில் விளக்கு படபடத்தது. எட்டில் அவள் எச்சில் என் தோளில் வழிந்தது. ஒன்பதில் அவள் 'அத்தா' என்றாள். ஒரு அடிகூட விடுபடவில்லை. இத்தனை தெளிவாக நான் எந்த ஓட்டத்திலும் இருந்ததில்லை. நின்று கையை விரித்தேன்.

ஒரு கொட்டை மிச்சமிருந்தது. மரத்தடியில் எண்ணினேன். எட்டு.

"முடிஞ்சிதா?" என்றார் அத்தை.

"நான் எத்தனை சுத்து வந்தேன் அத்தை?"

"நான் எங்க எண்ணினேன்? கண்ண மூடிக்கினு கும்புட்டுக்கினு இருந்தேன்."

ஒரு சுற்றில் வைக்க மறந்திருப்பேன். வேறென்ன இருக்க முடியும்? மைதானத்தில் கொட்டை இருந்தது, சுற்று நினைவில் இல்லை. இங்கே சுற்று நினைவில் இருக்கிறது, கொட்டை வைக்கப்படவில்லை. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட மனம் ஓடியது, இழுத்துப் பிடித்தேன்.

"எதுக்கும் இன்னொரு தடவ வந்துடறேன் அத்தை."

அந்தச் சுற்றில் குழந்தை என் தோளுக்குப் பின்னால் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே வந்தாள். முன்தினம்தான் கை ஆட்டக் கற்றிருந்தாள். சுவருக்கும் ஆட்டுவாள், விசிறிக்கும் ஆட்டுவாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றை முடித்து ஒன்பதாவது கொட்டையை வைத்தேன். இந்த முறை எதையும் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வெந்நீரை விளாவினேன். "இன்னைக்கு நான் ஊத்தறேன்" என்று சொல்லி முற்றத்தில் கால் நீட்டி உட்கார்ந்து அவளைக் கால்மேல் போட்டுக்கொண்டேன். அத்தை துண்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்திலேயே நின்றார். நான் பார்த்துக்கிறேன், நீங்க போங்க என்று சொல்ல வாயெடுத்தேன். நிற்கட்டும் என்று விட்டுவிட்டு முதல் சொம்பை ஊற்றினேன்.