கடைசியாகப் புறப்பட்ட படகு

நுவரெலியா ஏரிக்கரை. குளிரில் பல் கிட்டுகிறது. தோட்டத் துரைமார்களின் பாய்மரப் படகுப் பந்தயம் நடக்கிறது. மெதுவான படகுகளை முதலில் அனுப்பிவிட்டு, வேகமான ஒன்றை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

"அது எங்க தொரை படகுங்க. அத முந்த ஆளே இல்ல. அதான் கடைசியா விடுறாங்க" என்கிறார் பக்கத்தில் நிற்கும் கங்காணி, தானே படகு ஓட்டுகிறவர் மாதிரி.

வெடி வெடிக்கிறது. படகு சீறிக்கொண்டு நடு ஏரிக்குப் போகிறது. அங்கே காற்று நின்றுவிடுகிறது. எல்லாப் பாய்களும் துவள்கின்றன. முன்னே போனவர்கள் முன்னேயே நிற்கிறார்கள்.

காலையில் வேலையாட்களை எண்ணும் பெரட்டில் ஆள் குறைந்தால் கங்காணியிடம் கத்துவதைப் போலவே துரை படகில் எழுந்து நின்று கரையைப் பார்த்துக் கத்துகிறார்.

"கங்காணி! காத்து எங்கே?"

கங்காணி பதறிப்போய்த் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்குகிறார்.

"இன்னைக்குப் பெரட்டுக்கே வரலீங்க தொரை!"