உம் கொட்டக் கூடாது

உயிரியலில் எனக்கு நல்ல புள்ளி. இரசாயனவியலிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. கணிதம், நான் இலத்திரனியல் டிப்ளோமாவுக்கே படித்து முடித்தது. மருத்துவப் படிப்புக்குப் போகும் வழியில் குறுக்கே படுத்துக்கொண்டது 'தொடர்பாடல்' என்ற பாடம்.

ஒக்லாந்தின் தெற்கே ஒரு பொலிடெக்னிக்கில் ஓராண்டு ஆயத்தப் பாடநெறியில் சேர்ந்திருந்தேன். பல்கலைக்கழகத்துக்கு நேரே போக என் ஊர்ச் சான்றிதழ்கள் போதாது என்று சொல்லிவிட்டார்கள். இதை முடித்தால் சுகாதார விஞ்ஞானம் முதலாம் ஆண்டு. அங்கே போட்டியிட்டு வென்றால்தான் மருத்துவம். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவிகளைத் திருத்திக் கொடுக்கும் என் வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு வந்திருந்தேன். ஒரு பாடத்தில் விழுந்தாலும் அந்த ஆண்டு போயிற்று.

தேர்வு இதுதான்: ஒருவர் நோயாளியாக நடிப்பார், அவருடைய பிரச்சினையைக் கேட்டறிய வேண்டும். எனக்கு வந்தவருக்கு முதுகுவலி. கேள்விகளை மனதில் வரிசையாக வைத்திருந்தேன்: எப்போது தொடங்கியது, எங்கே, எது கூட்டுகிறது, எது குறைக்கிறது. ஒன்றையும் விடவில்லை.

சித்தியில்லை, விழுந்துவிட்டேன்.

விரிவுரையாளர் எப்போதும் சிரித்த முகமாக இருக்கும் வெள்ளைக்காரப் பெண்மணி. நான் நோயாளியை அவசரப்படுத்தினேன் என்றார். ஓரிடத்திலும் குறுக்கே பேசவில்லையே என்றேன். அவர் தேர்வைப் பதிவுசெய்த காணொளியை ஓடவிட்டு ஒலியைக் கூட்டினார். போன கிழமை ஒரு பெட்டியைத் தூக்கினேன் என்கிறார் நோயாளி. "ம்" என்கிறேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை என்கிறார். "ம்." பிறகு காலையில் எழும்பும்போது என்று இழுக்கிறார். "ம், ம்."

"இந்தச் சத்தம்தான். சீக்கிரம் சொல்லி முடி என்பதுபோல இருக்கிறது" என்றார் விரிவுரையாளர்.

நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கான சத்தம் அது. எங்கள் வீட்டில் அது இல்லாவிட்டால் சொல்பவர் கதையையே நிறுத்திவிடுவார். இதை என்னால் முடிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். மிகவும் சுவாரசியமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மறுதேர்வுக்கு என்னைப் பதிந்தார். அந்தச் சுவாரசியம்தான் எரிச்சலைக் கிளப்பியது. தவறு என்று சொல்லியிருந்தால் வாதாடியாவது இருப்பேன்.

வகுப்பில் இன்னொரு தமிழ்ப் பெண் இருந்தாள். மலேசியாவிலிருந்து சிறு வயதில் வந்தவள், என்னைவிட இளையவள், முதல் தடவையிலேயே சித்தியடைந்தவள்.

"இதுக்கா இவ்ளோ டென்ஷன், அக்கா? வாய மூடிக்கிட்டுத் தலைய மட்டும் ஆட்டுங்க."

ஆட்டிக் காட்டினேன்.

"ஐயோ, பக்கவாட்டுல ஆட்டுனா வேணாம்னு சொல்றீங்கன்னு நெனச்சுக்குவாங்க! மேல கீழ. மெதுவா. கோழி கொத்துற மாதிரி வேணாம்."

"அப்ப பிணம் மாதிரி இருக்கச் சொல்லுறீரோ?"

"ஆமா. ஆனா சிரிச்ச பொணம்."

கருவி ஒன்று பிழையாக வாசித்தால் எந்தத் திருகாணியைத் தொட வேண்டும் என்று எனக்குத் தெரியும். தொண்டைக்குள் இருந்த இதற்குத் திருகாணி எங்கே என்று தெரியவில்லை. ஒடாஹுஹு நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது அம்மா கைபேசியில் அழைத்தார். அவரிலேயே பழகிப் பார்ப்போம் என்று நினைத்தேன்.

"ஞாயிற்றுக்கிழமை சந்தையில வாங்கின கத்தரிக்காய் முழுக்கப் புழு, பிள்ளை."

நான் வாய் திறக்கவில்லை.

"அரைவாசிய வெட்டி எறிஞ்சிட்டன்... ஹலோ? லைன் கட்டாயிட்டுதோ?"

"இல்லை அம்மா, கேக்குது."

"அப்ப ஏன் சத்தத்தைக் காணேல்ல? என்னில கோவமோ?"

"கோவமில்லை. சோதனைக்குப் பழகிறன்."

"கதைக்காமல் இருக்கிறதுக்கும் சோதனை வைக்கிறாங்களோ? கொப்பர் அதில முதலாம் பிள்ளையா வந்திருப்பார்" என்று அப்பாவையும் இழுத்தார்.

மறுதேர்வில் வந்தவர் வயதான ஒரு மனிதர். நித்திரை வரவில்லை என்று தொடங்கினார். கைகளை மடியில் கோத்துக்கொண்டேன். மேல, கீழ, மெதுவா. நடுவில் அவர் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். தொண்டைவரை வந்ததை விழுங்கினேன். அவர் மறுபடி எங்கேயிருந்து தொடங்கினார் என்பது நினைவில்லை. சொன்னதில் பாதி என் காதில் ஏறவேயில்லை. முழுக் கவனமும் என் வாயைக் காவல் காப்பதில் இருந்தது.

நன்றாகச் செவிமடுத்தீர்கள் என்று எழுதிச் சித்தி தந்தார்கள்.

அன்று ரயில் மேடையில் நின்றே அம்மாவுக்குச் சொன்னேன். அவருக்குப் பெரிய சந்தோஷம். பிறகு, "என்ர முழங்காலைக் காட்டப் போனனான். டொக்டர் எக்ஸ்ரே படத்தைப் பாத்திட்டு..." என்று தொடங்கினார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, மேலும் கீழுமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

"சரி, நீ களைச்சுப் போனாய் போல. பிறகு கதைப்பம்" என்று வைத்துவிட்டார்.

டொக்டர் என்ன சொன்னாராம்? ரயில் வந்து நின்றது. ஏறாமல், திரும்ப அழைத்தேன். அம்மா எடுத்ததும், அவர் ஹலோ சொல்வதற்கு முன்னாலேயே, "ம்" என்றேன்.